நிலையம் ஓடாத நாளில் செத்த மீன்கள்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் போனில், அணுமின் நிலையத்து ஆய்வுக்கூடத்துல வேலை தர்றாங்கம்மா, சேர்ந்துட்டா உங்களோடயே இருக்கலாம், என்ன சொல்றீங்க என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை ஒன்றும் இல்லை, வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்றிருந்தது. அப்பாவோ அன்றைக்கே உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார், கட்டிலை ஜன்னலோரம் போடுவதா சுவரோரம் போடுவதா என்று தினமும் என்னோடு மல்லுக்கட்டுகிறார்.

நிலையத்து இயந்திரங்களைக் குளிரவைத்த கடல்நீர் சூடேறித் திரும்பி வந்து விழுகிற கால்வாய் உனக்குத் தெரியும். குளிர் மாதங்களில் அந்தக் கதகதப்புக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கிவிடும். உன் மாமாவும் அவர் கூட்டாளிகளும் அங்கேயே வலை போட்டுப் பிழைத்தார்கள், நிலையம் நமக்குப் பண்ணின புண்ணியம் என்றுகூடச் சொல்வார்கள். இந்த மாதம் பராமரிப்பு வேலை என்று நிலையத்தைச் சட்டென்று நிறுத்தினார்கள், வெந்நீர் நின்றது, கால்வாய் வாயில் மீன்கள் விறைத்து மிதந்தன. மீனுக்கு நம்மைப்போல உடம்புக்குள் தனிச் சூடு ஏது, சுற்றியிருக்கும் தண்ணீரின் சூடுதான் அதன் சூடு, அது ஒரேயடியாக இறங்கினால் தாங்காது. வண்டியில் அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவினார்கள், கொடியில் காய்ந்த துணியெல்லாம் அந்த நாற்றம், இரண்டு தரம் துவைத்தும் போகவில்லை.

நீ போன் பண்ணியதற்கு முந்தின நாள் பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு நிலையத்து அதிகாரி, நிலையமே ஓடலைங்க, ஒரு சொட்டு வெந்நீர்கூட விடலை, அப்புறம் எங்களால செத்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள், உன் மாமா கைதட்டவே செய்தார், அவருக்கு வெந்நீர் மறுபடி வந்தால் போதும். நான் எழுந்து, பிள்ளையை வெந்நீர்ல குளிப்பாட்டி ஈரத்தோட வாசல்ல நிறுத்திட்டு, காய்ச்சல் வந்தா நாங்க அடுப்பை அணைச்சிட்டோமேன்னு சொல்வீங்களா, சூட்டை மெல்ல மெல்லக் குறைச்சிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். டீச்சரம்மா, உங்க பொண்ணு நம்ம லேபுக்குத்தானே வரப்போறாங்க, நாளைக்கு இதையெல்லாம் அவங்களே அழகா அறிக்கையா எழுதிக் குடுப்பாங்க, உக்காருங்க என்றான். உனக்கு வேலை தருகிறார்கள் என்பதையே ஊர் முன்னால் அவன் வாயால்தான் முதலில் கேட்டேன். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் உட்காரவில்லை, கூட்டம் கலைகிற வரை நின்றுகொண்டே இருந்தேன்.

அவன் பேசினதுக்கு நம்ம புள்ளை என்ன பண்ணுவா, வரட்டுமே என்கிறார் அப்பா. நீ வரவேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா, உன் செருப்பு வாசலில் கிடக்கவேண்டும் என்று நினைக்காத நாள் உண்டா. ஆனால் என் வாயை அடைக்கிற துணியாக உன்னை வாங்குகிறார்களோ என்றுதான் பயப்படுகிறேன். வராதே என்றும் சொல்லமாட்டேன், படித்தவள் நீ, வேலையும் உன்னுடையது.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். சரி என்று பதில் போடும் முன் அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுப் பார்: அந்த மீன்கள் எதனால் செத்தன என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள்?

அன்புடன்
அம்மா