முனியாண்டிக்கு ஊற்றிய பிரெஞ்சு ஒயின்

மாப்பிள்ளை,

நேற்று தெம்பனிஸில் மகன் வீட்டில் சிவப்பு ஒயின் போத்தல் ஒன்றைத் திறந்தார்கள். எனக்கும் கொஞ்சம் ஊற்றினான். வாயில் வைத்ததும் நாக்கு சுருங்கியது. "கெட்டுப்போச்சுடா இது" என்றேன். "நல்ல ஒயின் இப்படித்தான்ப்பா துவர்க்கும். இனிச்சாத்தான் மட்டம் லா" என்றான். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் என் தங்கையைப் பெண் கேட்டு வந்தீர்கள். உங்களுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. நான் விசாரிக்க வந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்ததாக நீங்கள் சொன்ன ஒரு போத்தல் உங்கள் அறையில் இருந்தது. லேபிளில் அரண்மனைப் படம். "பிரான்சுல பழைய தோட்டம்ணே, ராஜா காலத்துலேருந்து இதே தொழிலு" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரை சும்மா கொடுப்பாரா? ஒன்று நீங்கள் திருடர், இல்லாவிட்டால் குடிகாரர். கள்ளுக்கடைக்கு அப்பாவைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது. தங்கையையும் கொடுக்க முடியுமா? "குடிக்க மாட்டீங்கன்னா முனியாண்டி முன்னாடி ஊத்துங்க, பாப்போம்" என்றேன்.

ரயில் பாதையோரத்து முனியாண்டிக்கு ஸ்டவுட் பீரும் சுருட்டும் வைப்பதுதான் வழக்கம். அன்று பிரெஞ்சு ஒயின். கார்க்கைப் பிடுங்கி, கடைசிச் சொட்டு வரை சூலத்தடியில் கவிழ்த்தீர்கள். நான் விடுவேனா? போத்தல் வாயில் விரலைத் தடவி நக்கினேன். சீன மருந்துக்கடைப் போர்ட் ஒயினின் தித்திப்பு மட்டுமே தெரிந்த நாக்கு என்னுடையது. இதுவோ ஒரே துவர்ப்பு. நல்லதைக் குடித்துவிட்டு எதையோ கரைத்து நிரப்பியிருக்கிறீர்கள். கார்க்கைத் திரும்ப அடைக்கக் கிடங்குக்காரருக்குத் தெரியாதா? சாமியையே ஏமாற்றிய ஆள் என்று முடிவு கட்டினேன்.

தங்கை மசியவில்லை. "போத்தல நக்குனது நீதானேண்ணே, அவரா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவள் பிடிவாதத்தில் கல்யாணம் நடந்தது. என் சந்தேகம் கல்யாணத்தோடு போய்விடவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி உங்களை இறுகக் கட்டிக்கொள்வேனே, பாசம் என்றா நினைத்தீர்கள்? வாய் நாறுகிறதா என்று பார்க்கத்தான். உங்களுக்கா தெரியாது! என் முகத்தில் ஒரு ஊது ஊதி, "போதுமா மச்சான்?" என்பீர்கள். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

போன மாதம் உங்களுக்கு வாய்க்கரிசி போடக் குனிந்தபோதும் பழக்கதோஷம், மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு போத்தல் குடித்துவிட்டாவது எழுந்து என் முகத்தில் ஊதமாட்டீர்களா என்று இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது, மாப்பிள்ளை.