எப்பவாவதுதானே, அதற்கு எதற்குக் கிராபிக்ஸ் கார்டு?

என் அயித்தைக்கு, அன்போடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்தோடும்,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பாப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. வாயை மூட மாட்டேன் என்கிறாள். சளி மட்டும் விட்டபாடில்லை. அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முழித்துக் கிடக்கிற என் பழக்கமும் விட்டபாடில்லை. "இப்படிப் பயந்து செத்தா புள்ளய எப்படித்தா வளப்ப?" என்று திட்ட நீங்களும் இல்லை. கரண்ட் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. அப்புறம், வீட்டுக்கு லேப்டாப் வந்துவிட்டது. அதை வாங்கப் போன இடத்தில் உங்களை வைத்து ஒரு சண்டை. ஆரம்பித்தது நான்தான்.

ஆனால் கோபம் அங்கே ஆரம்பிக்கவில்லை. முதலாமாண்டு நினைவுக்கு உங்கள் மூத்த மகன் சின்னமனூர் கடைவீதி முக்கில் ஒரு பிளெக்ஸ் வைத்தார். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, பின்னால் மேகமும் புறாவும் சேர்த்து, உங்களை ஊரையே முறைக்க வைத்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'ஓய்வு என்றால் என்னவென்றே அறியாத எங்கள் தெய்வமே!' பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று படித்தேன். அழுகை வரவில்லை. சுர்ரென்று ஏறியது. ஒரு மனுஷியை ஒரு வருஷத்துக்குள் இப்படியா மாற்றிவிடுவார்கள்?

இவர்கள் யாரைச் சொல்கிறார்கள்? மத்தியானம் பாப்பா தூங்கியதும், பாத்திரம் கழுவின ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, "ஏத்தா மகேசு, அந்த வண்டிய எடுத்து விடு" என்று என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்களே, அது யார்?

உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களும் படிக்கட்டும் என்பதால் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்து ஒரே உரக்கடை. பி.காம். படித்த மருமகள் என்பதால் கடைக் கணக்கு என் தலையில். அதற்காக ஒரு காலேஜ் பையனிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் வாங்கி, எங்கள் வீட்டு உள்ளறையில் வைத்தார்கள். அவன் அழிக்காமல் விட்டுப்போன ஒரு கார் கேம் அதில் கிடந்தது. அதன் சிடியும் கூடவே வந்திருந்தது. மலைமேல் ஏறி, வளைந்து, கடலோரமாக இறங்குகிற ரோடு. நான் ஒருநாள் சும்மா ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் பின்னால் நின்று, "அடி ஆத்தி, மேகமலை ரோடு மாதிரியே இருக்கே" என்றீர்கள். தினமும் வாசலில் நின்று பார்க்கிற மலை. அதில் ஒருநாள்கூட உங்களை யாரும் கூட்டிப்போனதில்லை. கடை ஜீப்பில் ஏறினால்கூடப் பின்னால், உர மூட்டைக்குப் பக்கத்தில்தான் உங்களுக்கு இடம்.

மறுநாளே பட்டனைத் தட்டக் கற்றுக்கொண்டீர்கள். வளைவு வந்தால் உடம்பே சாயும். ஹாரன் எது என்று கேட்டீர்கள். இந்தக் கேமில் ஹாரன் கிடையாது என்றதும் வாயாலேயே அடித்தீர்கள். "ஏலே, ஒதுங்குலே! குறுக்க வாரான் பாரு, கண்ணு தெரியாத பய." போட்டியில் மற்ற கார்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் வண்டியைத் திருப்பி, கடல் தெரிகிற பக்கமாக ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். திரையில் சிவப்பாக எழுத்து மின்னும்.

"என்னத்தடி எழுதுறான்?"

"தப்பான வழியில போறீகளாம் அயித்தை."

"அவனுக்கென்ன? அவன் போற வழியில அவன் போகட்டும்."

இவ்வளவு சந்தோஷமாக இருந்தவர் வாசலில் பைக் சத்தம் கேட்டதும் என்ன செய்வீர்கள்? அந்த வயதில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வருமோ! என்னை நாற்காலியில் தள்ளிவிட்டு, முருங்கைக்கீரைச் சுளகை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்தே கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர் மாதிரி உட்கார்ந்துவிடுவீர்கள். உள்ளே வருகிற உங்கள் பிள்ளைகளின் கண்ணில் என்ன படும்? ஆத்தா வேலை பார்க்கிறது, மருமகள் கேம் ஆடுகிறாள்.

"எந்நேரமும் இதுதானா? கிழவி தனியாக் கெடந்து சாகுது" என்பார் மூத்தவர். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாமா? திறப்பீர்கள். "சின்னஞ்சிறுசு, விடுப்பா" என்று எனக்காகப் பரிந்து பேசுவீர்கள்! அவர்கள் போனதும் என் தோளைத் தட்டி, "என் மகன்ககிட்ட மட்டும் சொல்லிராதத்தா" என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். அப்போது சிரித்தேன்.

ஐப்பசி இடியில் அந்தக் கம்ப்யூட்டர் கருகிப்போனது. கணக்கு தேங்கி நின்றது. கரண்ட் இருக்கிற லட்சணத்தில் இனி லேப்டாப்தான் என்று முடிவானது. இருவர் பங்குக் காசு என்பதால் தேனிக்கு மூன்று பேருமே போனோம். கைப்பையில் நான் அந்தக் கேம் சிடியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனக்கு அது வேண்டும், அயித்தை. நாள் முழுக்க அடுப்பு, பிள்ளை, கணக்கு, பயம். நடுவில் அவள் தூங்குகிற அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் இருந்தவரை எனக்கு இருந்தது. நீங்கள் போனபின் அந்த நேரத்தில் நான் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தூங்கும்போது கேம் ஆடினால் நான் நல்ல தாய் இல்லையா என்று நூறு தடவை என்னையே கேட்டுவிட்டேன். நீங்கள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். நீங்கள் ஆடலாம் என்றால் நானும் ஆடலாம்தானே?

கடைக்காரப் பையன் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. "சார், ஆபீஸ் யூஸுக்கா, கேமிங்குக்கா?" என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டான்.

"கணக்குப் போட" என்றார் மூத்தவர். அவர் கை ஏற்கெனவே தட்டு மாதிரி இருந்த சின்ன நெட்புக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

"கணக்குப் போட, எப்பவாவது கேம் ஆட" என்றேன் நான்.

அவன் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் காசுக்குள் இரண்டு மெஷின் காட்டினான். ஒன்றில் வேகமான பிராசசர், நாலு ஜி.பி. ராம், பெரிய ஹார்டு டிஸ்க். கிராபிக்ஸ் மட்டும் தனியாக இல்லை. ராமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்றில் பிராசசர் ஒரு படி கம்மி, ராம் பாதி, டிஸ்க்கும் சிறிது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு தனி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். "எல்லாரும் முதல் மாடல்தான் மேடம் எடுக்குறாங்க. எப்பவாவதுதான ஆடுவீங்க? அதுக்கு எதுக்குக் கார்டு?"

அந்த 'எப்பவாவதுதான' இன்னும் காதில் நிற்கிறது. "தம்பி, நீங்க ஊட்டிக்கு எப்பவாவதுதான போவீக? அதுக்காகக் கண்ணக் கட்டிக்கிட்டா போறீக?" என்று கேட்டுவிட்டேன். எப்பவாவது கிடைக்கிறது என்பதற்காக அதை மட்டமாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

சிடியைக் கொடுத்து இரண்டிலும் போட்டுக் காட்டச் சொன்னேன். முதல் மாடலில் கார் நொண்டியது. மரங்கள் கிட்டே போனபிறகுதான் திடுக்கென்று முளைத்தன. கடல் இருக்கிற இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டின மாதிரி இருந்தது. இரண்டாவதில் தண்ணீர் தெரிந்தது, அயித்தை. வெயில் அதில் ஆடியது.

"கம்மி ராமு, கம்மி டிஸ்க்கு, அதே வெல. எவனாவது வாங்குவானா?" என்றார் மூத்தவர்.

"பெரியத்தான், தோட்டத்துல ஏழரை எச்.பி. மோட்டாரப் போட்டுட்டு ரெண்டிஞ்சு குழாய மாட்டுனா எவ்வளவு தண்ணி வரும்?"

"அது வேற."

"அதேதான் இது. ராம் பத்தலைன்னா பெறகு வாங்கி மாட்டிக்கிரலாம். கார்டு இதுல பெறகு போட முடியாது. வேணும்னா தம்பியவே கேளுங்க." கடைக்காரப் பையன் வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினான். கார்டு இருந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சூடும் ஏறும் என்றான். அதுவும் எனக்குத் தெரியும். கரண்ட் இல்லாதபோது கணக்கு, இருக்கும்போது கேம். அவ்வளவுதானே?

அப்போது உங்கள் மூத்தவர் சொன்னதுதான், நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம். கடையில் அத்தனை பேர் நிற்க, சத்தமாகச் சொன்னார்: "ஆட்டம் போடுறதுக்கு இம்புட்டு வாதாடுறியே! எங்க ஆத்தா ஒருநா சும்மா உக்காந்திருக்குமா? அது இருந்திருந்தா இந்தக் கருமத்த வீட்டுக்குள்ள விட்டிருக்குமா?"

"ஆடுனதே உங்க ஆத்தாதான்" என்றேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பைக் சத்தம், சுளகு, வாய் ஹாரன், அத்தனையும். "நான் ஒரு மணி நேரம் ஆடுனா அவுக ஒன்றரை மணி நேரம் ஆடுவாக. திட்டு மட்டும் எனக்கு."

"செத்துப்போனவுக பேர்ல பழி போடுறியா? நாக்கு அழுகிரும்!" மூத்தவர் முகம் கன்றிப்போய் எழுந்து எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தக் கீபோர்டுல அம்புக்குறி போட்ட நாலு பட்டன்லயும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். நீதான் வெத்தல போடமாட்டேல்ல."

"தெரிஞ்சுக்கிட்டா உங்கண்ணன் என்னைய அந்தப் பேச்சுப் பேசுறப்ப வாய மூடிக்கிட்டு நின்னீக?"

"கேட்டிருந்தா அன்னைக்கே அது நிறுத்தியிருக்கும், மகேசு."

அவர் சொன்னது உண்மைதான். யாருக்காவது தெரிந்துவிட்டது என்று பட்டிருந்தால் நீங்கள் அந்த அறைப் பக்கமே வந்திருக்க மாட்டீர்கள். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதே நிமிஷம் அடிக்கவும் தோன்றியது. ஆத்தாவின் ஆட்டத்தைக் காப்பாற்ற, பெண்டாட்டியைப் பேச்சு வாங்க விட்டிருக்கிறார். உங்களுக்குப் பிறந்தவர் அல்லவா!

கார்டு இருக்கிறதையே பில் போடச் சொன்னார். அண்ணனைக் கேட்கவில்லை.

திரும்பும்போது ஜீப்பை மூத்தவர்தான் ஓட்டினார். வீரபாண்டி தாண்டியபிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "வேகமா ஓட்டுமா அது?"

"இல்லத்தான். மெதுவாத்தான். வேடிக்கை பாத்துக்கிட்டே ஓட்டுவாக."

அவர் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அப்புறம் சொன்னார்: "சரி. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிராத. ஆத்தாவுக்குன்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்கு."

நீங்களும் சொல்லாதே என்றீர்கள், அவரும் சொல்லாதே என்கிறார். என் வீட்டுக்காரர் சொல்லாமலே இருந்துவிட்டார். என்ன செய்துவிட்டீர்கள் அயித்தை, நகையைத் திருடினீர்களா? சோறாக்கிப் போட்டு, மாட்டைப் பார்த்து, களத்தில் நின்று, பிள்ளை வளர்த்து, அதன் நடுவே உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒரு ரோட்டில் போனீர்கள். அதைப் புதைத்தால்தான் நீங்கள் தெய்வம் என்றால், அந்தத் தெய்வம் எனக்கு வேண்டாம். ஓய்வே அறியாதவர் என்று எழுதிவைத்தால், நாளைக்கு ஓய்வு கேட்கிற என் மகளை எல்லாரும் அந்தப் பலகையைக் காட்டியே அடக்குவார்கள். அதற்காகத்தான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் மகன்களும் படிக்கட்டும். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் பாப்பா தூங்கினாள். கரண்ட்டும் இருந்தது. பாதி மலை ஏறியிருப்பேன், வாசலில் பைக் சத்தம். உடம்பு தானாக எழப் பார்த்தது. எழவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து நின்றார். "சோறு சட்டியில இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க. இங்கன வளைவு வருது" என்றேன். போட்டுக்கொண்டு வந்து, தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். பாப்பா வளர்ந்து உங்களைப் பற்றிக் கேட்பாள். சமையலிலிருந்தோ, களத்திலிருந்தோ, நீங்கள் பட்ட பாட்டிலிருந்தோ தொடங்க மாட்டேன். "உங்க அப்பத்தா நல்லாக் கார் ஓட்டும்" என்றுதான் தொடங்குவேன்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்ட உங்கள் சின்ன மருமகள்,
மகேசு