காவலன் விடங்கன் நோயுற்றமை குறித்து

மங்கலம் பெருகுக. ஏழு துறைகளும் இரு மலைகளும் உடைய செங்கானல் நாட்டை ஆளும் வெண்குழலி மாதேவியாகிய யாம், மணற்றுறைப் பட்டினத்து வணிகரின் பண்டசாலைகளுக்குக் கூலிக் காவலரை அமர்த்தும் குத்தகைத் தலைவர் மாறன் இறையனார்க்கு விடுக்கும் ஓலை. உம் பட்டினத்துக் கலங்கள் நலமே கரை சேர்க.

காவற்பொழுதில் உறங்கினான் என்று விடங்கன்மீது வழக்கிட்டு, அவனைக் கசையால் அடிக்க ஆணை வேண்டி எழுதியிருந்தீர். அவனை அழைப்பித்தோம். இருவர் தோள் தாங்க அவைக்கு வந்தவனை அமரச் சொன்னோம். தலைவர் அனுமதியின்றி உட்காரலாமா என்று எம்மையே கேட்டான். எமக்குச் சினம் மூண்டது, அவன்மேல் அன்று.

நடந்ததை அவன் மனைவி நல்லி உரைத்தாள். மிளகுப் பண்டசாலை வாயிலில் பதினோராண்டு தவறாது நின்றவனுக்கு இம்மாதத் தொடக்கத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்று நாள் படுத்தே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். தள்ளாடி வந்து விடுப்புக் கேட்டவனிடம் நீர் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறோம்: “நிக்க முடிஞ்சா நில்லு. முடியலன்னா வேற ஆளு இருக்கு.”

அவன் நின்றான். மறுநாள் உச்சிவெயிலில் வாயிற்படியிலேயே சரிந்தான். கஞ்சி கொண்டு வந்த நல்லி, அவனை நிழலில் கிடத்தி, அவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு மாலைவரை தானே வாயிலில் நின்றாள். ஒரு மூட்டையும் களவு போகவில்லை. உம் மேற்பார்வையாளன் கண்ணுக்குக் கிடந்தவன் மட்டுமே பட்டான், நின்றவள் படவில்லை. “அவருக்குப் பதிலா நான்தானே நின்னேன், வாசல் சும்மாவா கிடந்துச்சு?” என்று அவள் அவையில் கேட்டாள்.

இறையனாரே, சென்ற மாசியில் பல்வலி என்று ஒன்பது நாள் அவைக்கு வாராதிருந்தீர். யாம் வேறு தலைவரைத் தேடவில்லை.

ஆகவே வழக்கைத் தள்ளினோம். இனி எம் நாட்டில் கூலிக்குக் காவல் நிற்பவர் எவராயினும், நோயுற்றால், மருத்துவர் குறிக்கும் நாள்வரை பணியும் கூலியும் இழவாது ஓய்வு கொள்வர். அதை மறுப்பவர் குத்தகை இழப்பர்.

விடங்கன் எம் மருத்துவசாலையில் இருக்கிறான். எழுந்து நடக்க இருபது நாளாகும் என்கின்றனர். அதுவரை அவன் இடத்தில் வேறு ஆளை அமர்த்தலாகாது. நாளை விடியல் முதல் அவ்வாயிலில் நீரே காவல் நிற்கக் கடவீர்.

ஆவணி வளர்பிறை பத்தாம் நாள், நாரை இலச்சினை இட்டு எம் கையால் ஒப்பமிட்டோம். இவ்வோலை கொணரும் வீரர் உம்மை அங்கே கொண்டு நிறுத்திய பின்னரே திரும்புவர்.