சுனியாவுக்கு ஃபெயில் போட்டேன்

பிப்ரவரி 3, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவேனா என்கிறது. பள்ளிக்கூடக் கொட்டகையில் எங்கள் அவசர ரேடியோக் குழுவுக்கு உறுப்பினர் பரீட்சை. வந்தவர்கள் இருவர். ஒருவன் தேவன், என் மைத்துனன், கமலாவின் தம்பி. மற்றவன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பூர்வகுடிக் கிராமத்துச் சுனியா. கரும்பு லாரி ஓட்டுகிறவன்.

இந்தத் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு குழுவில் இருந்த எங்கள் இந்தியரில் பாதிப் பேர் ஆக்லாந்து, சிட்னி என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அடுத்து நாங்கள். விசா கையில். அதற்குள் புது ஆட்களைத் தேற்றிக் கொடு என்று செயலாளர் நச்சரிப்பு.

பரீட்சை சுலபம்தான். நான் ரேடியோவில் ஒரு செய்தியை நிதானமாக வாசிப்பேன். கேட்பவர் எழுதித் திருப்பி வாசிக்க வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். ஊகித்து எழுதாதே, கேள். இத்தனை வருஷமாக நான் கத்திக்கொண்டிருப்பது அதைத்தான்.

தேவனுக்கு நிதானமாக வாசித்தேன். சுனியாவுக்கு வேகமாக. மூச்சு விடாமல். அவன் மறுபடி சொல்லுங்கள் என்றான், சொன்னேன். இன்னொரு தடவை கேட்டான். ஃபெயில் என்றேன்.

பேனாவை மூடிவிட்டு, சரி மாஸ்டர் என்றான். அவன் வீட்டில் பேசும் ரேடியோ செட் இருக்கிறது, சர்ச்சிலிருந்து கொடுத்தது. கேட்டுக்கொள், ஆனால் பாஸ் ஆகாதவன் பேசக் கூடாது என்று அதையும் சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 4, வியாழன்

மழை. முற்றத்தில் காய்ந்த மிளகாயை எடுக்க மறந்தேன். கமலாவிடம் நல்ல திட்டு.

தேவன் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். பாதி அவனே இட்டுக்கட்டியது. ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. பாஸ்.

கமலா, சுனியா தேறினானா என்றாள். கை வேகம் போதவில்லை என்றேன்.

“எந்தச் சுனியா? நம்ம ரவியப் பள்ளிக்கூடத்துக்கு லாரியில ஏத்திக்கிட்டுப் போவானே, அவனா?”

அவன்தான். அந்த ரவியைத்தான் வட்டுகோலா போகிற ரோட்டில் சிப்பாய்கள் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். எங்கள் பையன் அதோடு சிட்னிக்குப் போய்விட்டான். அந்தச் சிப்பாய்களை நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய முடியாது. அவர்கள் இனத்தில் கைக்கு அகப்பட்டவன் சுனியா. இதை எழுதவே கூச்சம். கமலாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

விடியும்போதே ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது. கரண்ட் இல்லை. கார் பாட்டரியில் செட்டை ஓட்டி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தவுவா பேசியது. வட்டுகோலா பேசியது. தேவன் கோயில் மண்டபத்திலிருந்து: ஜனங்கள் நிறைய, அரிசி வேண்டும், கம்பளி வேண்டும். எத்தனை பேர் என்று கேட்டதற்கு நிறைய மாமா என்றான்.

அக்கரையிலிருந்து சத்தமே இல்லை. அங்கே ஒன்றும் சேதமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். டீ மூன்று தரம். கசாவாக் கிழங்கு வேகவைத்தது.

பிப்ரவரி 10, புதன்

மழை விட்டது. காலையில் வாசலில் சுனியா. இடுப்பு வரை சேறு. மேலே கரும்பு ரயில் பாலம் வரை நடந்து, சுற்றி வந்திருக்கிறான். நேற்றுக் காலை மாமரம் அவர்கள் வீட்டின் மேல் சாய்ந்து, அவன் அண்ணன் கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஆளை வெளியே எடுத்துவிட்டார்கள், கால் நசுங்கிவிட்டது. படகு வேண்டும் என்றான்.

போலீசைக் கூப்பிட்டேன். படகு போயிற்று. பிறகுதான் கேட்டேன், ஏன் ரேடியோவில் சொல்லவில்லை என்று. அவன் பேசியது இந்தி. இங்கே தமிழில்:

“பாஸ் ஆகாதவன் பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே மாஸ்டர். செட்டப் போட்டுக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க ஒவ்வொருத்தரா கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு.”

உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் பேசலாம். உறுப்பினரோ இல்லையோ. அது கடைசிப் பாடம். பாஸ் ஆனவர்களுக்குப் பரீட்சை முடிந்து டீ குடிக்கும்போது சொல்வேன். தேவனுக்குச் சொன்னேன். சுனியா அதற்குள் போய்விட்டிருந்தான்.

பிப்ரவரி 13, சனி

அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி.

விற்க வேண்டியவை: ஃபிரிட்ஜ், தையல் மெஷின், கட்டில். நாய் தேவனுக்கு.

சோறு இறங்கவில்லை. கமலா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் யோக்கியதைக்கு அதுகூட அதிகம்.

பிப்ரவரி 14, ஞாயிறு

நல்ல வெயில். மார்க்கெட்டில் நேற்றே வாங்கி வைத்த, கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க. அவர்கள் வழக்கம் அது. விருந்தாளியாகப் போனாலும் வேர், தப்புச் செய்துவிட்டுப் போனாலும் வேர். எதற்காகக் கொண்டுவந்தோம் என்பதை நம் வாயால் சொல்ல வேண்டும்.

பாயில் உட்கார்ந்தேன். சுனியாவின் பெரியப்பா, இரண்டு மூன்று ஆண்கள், பின்னால் அண்ணன் மனைவி. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். வேரை முன்னால் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா கை தட்டி வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். கஷ்ட காலத்தில் பார்க்க வந்த மாஸ்டருக்கு நன்றி என்றார்.

இல்லை, அதற்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். தாராளமாக நேரம் இருந்தது. சொல்லவில்லை. வேரை இடித்துக் கரைத்து முதல் கிண்ணம் எனக்குத்தான் கொடுத்தார்கள். குடித்தேன்.

சுனியா தாளும் பேனாவுமாக வந்தான். மாஸ்டர் ஊருக்குப் போவதற்குள் இன்னொரு தடவை பரீட்சை வைப்பீர்களா என்றான். அங்கேயே வைத்தேன். நிதானமாக வாசித்தேன். ஒரு இடத்தில் மறுபடி கேட்டான். பிறகு முழுவதையும் பிசகாமல் திருப்பி வாசித்தான். பாஸ் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசிப் பாடத்தையும் சொல்லிக் கொடுத்தேன். உயிராபத்தில் யாரும் பேசலாம் என்றதும் அவன் பேனா பாதியில் நின்றது.

அண்ணன் மனைவி பாயின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். அப்போதுதான் கேட்டாள்.

“செட்டு வீட்லயேதான் இருந்துச்சு மாஸ்டர். அன்னிக்குச் சுனியாவுக்கு நெசமாவே அதுல பேசத் தெரியாதா?”

சுனியா என் முகத்தைப் பார்த்தான்.

தெரியாது என்றேன்.