வாயைப் பொத்திய கை

தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதில் யாருக்கும் சளைக்காத என் அப்பாவுக்கு,

பல வருடம் கிடப்பில் கிடந்த, நம் தோட்டத்து லய வீடுகள் எரிந்த வழக்கில் குணபால செவ்வாய்க்கிழமை சாட்சி சொல்லிவிட்டார். நீதிமன்ற எழுத்தர் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு பஸ் நிலையத்தில் குணபாலவிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நம் லயத்துக்குத் தீ வைத்தவர்களில் ஒருவரை, தன் ஊர்க்காரரையே, அவர் அடையாளம் காட்டியிருக்கிறார். நீங்கள் இறந்து ஐந்து மாதமாகிறது.

குணபால யாரென்று மறுபடியும் சொல்கிறேன். எழுபத்தேழுக் கலவரத்தில், அந்தக் காலையில், அம்மா காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்தார். நீங்கள் பூண்டுலோயாப் பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், புகையைப் பார்த்து ஓடிவந்தீர்கள். ஆற்றோரத்தில் அக்கரைச் சிங்கள ஊர்க்காரர் ஒருவர் உங்களைப் பின்னாலிருந்து பிடித்தார். நீங்கள் கத்தாமலிருக்க வாயைப் பொத்தி, தன் வீட்டுக்குள் இழுத்துப் போனார். தீ வைத்தவர்கள் கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தார்கள். அம்மாவை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. உங்களைக் காப்பாற்றியவர்தான் குணபால.

ஞாபகம் போகத் தொடங்கியபோது எங்கள் பெயர்கள் போயின. வீட்டுக்கு வரும் வழி போனது. வாயைப் பொத்தியவரின் முகம் மட்டும் நின்றது.

"வாயப் பொத்துனான் பாரு, அவந்தான் உங்கம்மாவக் கொன்னான்" என்றீர்கள்.

"அவரு உங்களக் காப்பாத்துனாருப்பா" என்று தங்கச்சி ராணி திருத்தினாள். "அம்மாதான் போயிட்டாங்க."

அம்மா இறந்ததை அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல அழுதீர்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு அவள் திருத்துவதை விட்டுவிட்டாள். அது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு நாள் விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தீர்கள். ராணி சொல்லியனுப்பி, ஹட்டனிலிருந்து நான் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. குணபால தன் வாசற்படியில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா நம்மள வெட்டத்தான் வந்தாரு" என்றார். "வழியில நம்ம தேயிலயப் பாத்தாரு. ரொம்ப வளந்திருச்சிதானே. ஏசி ஏசி எல்லாத்தையும் வெட்டிப்போட்டாரு. இனி மூணு மாசத்துக்குக் கொழுந்து இல்ல."

நீங்கள் கடைசிச் செடியில் நின்றீர்கள். வெட்டிய செடிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே சாய்வு. என்னைத் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என்று நினைத்து, "மலையப் பாழாக்கி வச்சிருக்கானுங்க கண்டாக்கையா, முடிச்சிட்டுத்தான் எறங்குவேன்" என்றீர்கள். வந்த காரியம் மறந்துபோயிருந்தது. குணபால பொலிஸுக்குப் போகவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்றார். அவர் கையால் வாங்கிக் குடித்தீர்கள்.

திரும்பும் வழியில், பாலத்தில், சட்டென்று என்னை அடையாளம் கண்டீர்கள்.

"நீ பெரியவன்தானே?"

"ஆமாப்பா."

"அவன வெட்ட நான் மறந்துட்டேன்னா நீ செய்யணும்."

உங்கள் கையிலிருந்த கத்தியை நான் வாங்கிக்கொண்டேன். லயம் வரும்வரை இரண்டு தடவை கேட்டீர்கள். அப்புறம் கேட்டதையும் மறந்துவிட்டீர்கள்.

இத்தனை வருடம் வாய் திறக்காதவர் இப்போது ஏன் சாட்சி சொன்னார் என்று குணபாலவைக் கேட்டேன். "ஐயா மேலேயிருந்து அடுத்த தடவ மறக்காம வந்துட்டா?" என்று சிரித்தார். பிறகு, "யாருன்னு நான் சொல்லலன்னா, நான்தானே ஐயா சொன்ன அந்த ஆளு" என்றார். அவர் ஊரில் இப்போது பலர் அவரோடு பேசுவதில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் காலியாகவே வருகிறது.

குறுக்கு விசாரணை தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் வழக்குத் தவணையில். தீர்ப்பு சித்திரைக்கு முன் வரலாம் என்கிறார் எழுத்தர். வராமலும் போகலாம். குணபால கடைசிவரை நிற்பாரா என்பதும் எனக்குத் தெரியாது.

அப்பா, தீ வைத்த அந்த ஆளின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். வீடும் தெரியும். பாலத்தில் நீங்கள் கேட்டதை நான் செய்ய மாட்டேன். ஒவ்வொரு தவணைக்கும் முதல் நாளே ஹட்டனிலிருந்து வந்து, காலையிலேயே ஆற்றைக் கடந்து போய், பஸ்ஸில் குணபாலவின் பக்கத்தில் உட்காருவேன்.

உங்கள் பெரியவன்