தண்ணீரின் மேல் விழுந்த மண்

இன்று தபாலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சைக்ளோஸ்டைல் செய்த காகிதம். உறையைப் பிரித்ததும் மை வாசனை மேசை முழுவதும் பரவியது. மானாவாரிக் கிராமங்களில் மழைநீரைச் சேமிக்க நிலத்தடித் தொட்டிகள் அமைப்பது பற்றிய அறிக்கை. கடைசிப் பக்கத்தில் மாதிரி வரைபடம்: வட்டமான குழி, நாற்புறமும் அதை நோக்கிச் சரிகிற தளம், குழிக்கு மூடி, மூடியில் ஒரு சிறு கதவு. படத்தைப் பார்த்ததும் என் கை தானாகவே அதைக் கவிழ்த்து வைத்தது. ஏதும் பிழையா என்று பக்கத்து மேசை எழுத்தர் கேட்டார். பிழை படத்தில் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. நண்பரே, நீர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, உமது தொட்டி அரசாங்க முத்திரையோடு என்னிடம் வந்திருக்கிறது.

நாம் இருவரும் சங்கரன்கோவிலில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். நீர் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறி, ராணுவத்துக்குப் போனீர். நான் பாளையங்கோட்டையில் புவியியல் படித்துப் பட்டம் பெற்று வருவாய்த் துறைக்கு வந்தேன். எழுபதுகளின் நடுவில் நீர் ஓய்வுபெற்று, இளையரசனேந்தலுக்கு அப்பால் உள்ள உமது கரிசல் ஊருக்குத் திரும்பியபோது, அந்தப் பகுதிக்கு நான்தான் வருவாய் ஆய்வாளர். சனிக்கிழமைகளில் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் சந்தித்துக்கொள்வோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் உம்மோடு ஜெய்சால்மருக்குத்தான் போய்ச் சேரும். ஒன்பது ஆண்டுகள் ராஜஸ்தானின் அந்த எல்லை மாவட்டத்தில் பணியில் இருந்தவர் நீர்.

நான் படித்திருந்த பாலைவனத்தில் மணல் மேடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே இருந்தன. நீர் சொன்ன மாவட்டமோ வேறு. அங்கே மணல் ஒரு பக்கம்தான், மீதியெல்லாம் கல்லும் சரளும் என்றீர். வீடுகளை மஞ்சள் கல்லில் கட்டுகிறார்கள்; மழை ஒரு தடவை ஏமாற்றாமல் பெய்தால் நம் ஊரைப் போலவே கம்பு விதைக்கிறார்கள்; பெய்யாத ஆண்டில் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஆண்கள் மாதக்கணக்கில் தூர தேசம் போய்விடுகிறார்கள். கம்பளி ரோமமும் நெய்யும்தான் அவர்களுடைய வரும்படி. நம் கோயில்களில் நிற்கிற வன்னி மரம் அங்கே காட்டு மரம். அதன் காயைக் காயவைத்துக் குழம்பு வைக்கிறார்கள். தாழ்ந்த இடத்தில் கரை போட்டு ஓடிவரும் நீரைத் தேக்கி, அது வற்றியபின் அந்த ஈரத்தில் கோதுமை விளைவிக்கிறார்கள். இதையெல்லாம் கடைக்காரரும் பள்ளி ஆசிரியர்கள் இருவரும் வாய் பிளந்து கேட்பார்கள். நானும் கேட்பேன், ஆனால் குறுக்கிட்டுத் திருத்திக்கொண்டே இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, பாலைவனம் என்பதற்கான வரையறையைச் சொல்லி, நீர் விவரிப்பது பாலைவனமாக இருக்க முடியாது, அரைவறட்சி நிலமாகத்தான் இருக்கும் என்று அழுத்தமாகச் சொன்னேன். நீர் தேநீரைக் கீழே வைத்தீர்.

"வே, நீரு பாலைவனத்தப் பரீட்சைக்குப் படிச்சவரு. நான் அதுல ஒண்ணுக்குப் போனவன்."

கடையே சிரித்தது. ஆசிரியர்களில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். நீர் அதை அன்றே மறந்திருப்பீர். நான் மறக்கவில்லை என்பதை இப்போது உம்மிடம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

உமது ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர். பெண்கள் நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்தார்கள். ஊருக்கு மேற்கே சரள் மேட்டில் நீர் தோண்ட ஆரம்பித்தபோது, கிணறு தோண்டுகிறீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த மேட்டில் கிணறா என்று சிரித்தார்கள். நீர் தோண்டியது டாங்கா. ஜெய்சால்மரில் ஒவ்வொரு குடியிருப்பிலும் பார்த்து வந்த தொட்டி. நாலு ஆள் ஆழத்துக்கு வட்டமாக வெட்டி, உள்ளே சுண்ணாம்புக் காரை பூசினீர். சுற்றிலும் பெரிய களம் போல நிலத்தை இடித்துக் கெட்டிப்படுத்தி, குழியை நோக்கிச் சரித்தீர். பனம்பலகையால் மூடினீர். ஆடு மாடு ஏறாமல் முள்வேலி போட்டீர். அந்தச் சரிவில் செருப்போடு யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஊருக்கே கட்டளை. ஊர் குடிக்கிற தட்டு, அதில் மிதிக்கலாமா என்று கேட்பீராம். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. தொட்டியின் கழுத்து வரை தண்ணீர் நின்றது.

மேய்ச்சல் இடம் வேலிக்குள் போய்விட்டது என்று ஆட்டுக்காரர் ஒருவர் மனு எழுதிப் போட்டார். மனு என்னிடம் வந்தது. தலையாரியோடு போய்ச் சங்கிலி போட்டு அளந்தேன். அந்தச் சரிவின் குறுக்கே நான் பூட்ஸ் காலோடு நடந்தேன். நீர் வேலிக்கு வெளியே வெறுங்காலோடு நின்று, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

ஆக்கிரமிப்புக்குத் தருகிற பி-மெமோவில் ஒரு கட்டம் உண்டு. ஆக்கிரமிப்பு ஆட்சேபணைக்குரியதா, அற்றதா என்று அதில் எழுத வேண்டும். அந்த நிலம் நீர்நிலை அல்ல, பாதை அல்ல, பதிவேட்டின்படி மேய்ச்சல் புறம்போக்கும் அல்ல. தீர்வை ஏற்படாத அரசுத் தரிசு. 'ஆட்சேபணையற்றது, ஊர்ப் பொது உபயோகத்தில் உள்ளது' என்று நான் எழுதியிருந்தால், வட்டாட்சியர் கையெழுத்திட்டுக் கோப்பை முடித்திருப்பார். விதி அதற்கு இடம் கொடுத்தது. இடம் கொடுக்கிறது என்பதை அந்த அலுவலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. நான் 'ஆட்சேபணைக்குரியது' என்று எழுதினேன். எழுதும்போது தேநீர்க் கடையின் சிரிப்பு என் காதில் இருந்தது. விதிப்படி நடக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மெமோவைக் கையில் வாங்கி, நின்ற நிலையிலேயே முழுவதும் படித்தீர். பட்டாளத்துப் பழக்கம்; தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டீர். பிறகு விரலை அந்தக் கட்டத்தில் வைத்தீர்.

"இங்கன 'ஆட்சேபணையற்றது'ன்னும் எழுதலாம்லா வே?"

நிலைமையைப் பொறுத்தது என்றேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சரி என்று போய்விட்டீர். மேல்முறையீடு செய்ய உமக்கு உரிமை இருந்தது. செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவுமில்லை.

மெமோவில் கொடுத்த கெடு முடிந்த நாளன்று காலை பத்து மணிக்குத் தொட்டியை மூட ஆட்களோடு வந்தேன். பெண்கள் குடங்களோடு மேட்டில் நின்றார்கள். தொட்டியில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. நீர் என்னைத் தனியே அழைத்தீர். ஆயுளில் ஒரே ஒரு முறை நீர் என்னிடம் கேட்டது அதுதான்.

"நாலு நாள் தாரும் வே. இவளுக மோந்துக்கிடட்டும். பொறவு நானே மூடுதேன். தண்ணி கிடக்கையில மண்ணத் தட்டாதேயும்."

கெடு இன்றோடு முடிகிறது என்றேன். நாலு நாள் நீட்டிக்கக்கூட எனக்கு அதிகாரம் இருந்தது. ஆட்கள் தயங்கினார்கள்; என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்தேன். முதல் கூடை மண் தண்ணீரில் விழுந்த சத்தம், கனத்த எதையோ விழுங்கியது போல இருந்தது. பிறகு தண்ணீர் மஞ்சளாகி மேலே ஏறி, காரை விளிம்பைத் தாண்டிச் சரிவில் பரவியது. பெண்களில் ஒருத்தி, இனி இவுக குடுத்த கடுதாசியத்தான் குடிக்கணும் போல என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நீர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிக் கூடை வரை நின்றீர்.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. அந்தக் கோடையில் உமது ஊருக்கு மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோனார்கள். எந்தெந்த ஊருக்கு எத்தனை நடை என்ற பட்டியலைத் தயாரித்தவன் நான்.

நீர் பழையபடி சனிக்கிழமைகளில் கடைக்கு வந்தீர். எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னீர். என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தீர். ஆனால் ஜெய்சால்மர் உமது வாயில் அதற்குப்பின் வரவேயில்லை. கடைக்காரர் ஒட்டகத்தைச் சொல்லித் தூண்டிப் பார்த்தார். அது அங்கன உள்ளது, இங்கன எதுக்கு என்று முடித்துவிட்டீர். ஒரு மாவட்டத்தையே நான் மூடிவிட்டேன் என்று அப்போது புரிந்தது. கல்லும் சரளும் வன்னிக் குழம்பும் மந்தையின் பின்னே போகும் ஆண்களும் எல்லாம் அந்தக் குழிக்குள் போய்விட்டன. நான் இன்னும் கேட்க விரும்பிய கேள்விகள் இருந்தன. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

நீர் மாரடைப்பில் போன செய்தி வந்த நாளில் சிவகிரியில் எனக்கு அலுவல் இருந்தது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். பதினாறு கழிந்த பிறகுதான் உமது வீட்டுக்குப் போனேன். உம்முடைய மனைவி முற்றத்தில் நாற்காலி போட்டு, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான்தான் தொட்டியைப் பற்றித் தொடங்கினேன். முடிக்கும் முன்பே அவர் என்னைத் தேற்றுவது போலச் சொன்னார்:

"அத மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. அவுக உங்கள ஒரு வார்த்த சொன்னதில்ல. நான் ஏசினாக்கூட, 'அவன் என்ன செய்வான், சட்டம் அப்படி, அவன் கையில ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவாக."

அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் கேட்டவர் நீர். என் கையில் என்ன இருந்தது என்பது என்னைத் தவிர உமக்கு ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் உம் மனைவியிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தீர். உண்மையைச் சொல்ல எனக்கு அந்த முற்றத்தில் வேண்டிய நேரம் இருந்தது. குறுக்கே பேச யாருமில்லை. ஆமாம் அம்மா, சட்டம் அப்படி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன்.