லிஃப்டில் பதினோரு பேர்

அக்காவுக்கு,

உன் மகள் என் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் தலைவாரிவிடப் போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உன் பிடிவாதம் அப்படியே.

ஆஸ்பத்திரி லிஃப்டில் 'துப்புரவுப் பணியாளர்கள் ஏறக் கூடாது' என்று இருந்த போர்டைக் கழற்றிவிட்டார்கள். நாலு ஆணி ஓட்டைதான் மிச்சம். நாலு வருஷம் மனு எழுதியும் அசையாத போர்டு, நீங்கள் உள்ளே உட்கார்ந்து கதவை மறித்த ஒரே பகலில் ஆட்டம் கண்டது. நம் ஆட்கள் இப்போது வாளியோடு லிஃப்டில்தான் போகிறார்கள்.

நேற்று லிஃப்ட்காரர் என்னிடம், "எந்த மாடிம்மா?" என்று கேட்டார். பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஏழு மாடியும் படியிலேயே ஏறினேன். "உனக்கென்ன கிறுக்கா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

ஏதேதோ சொல்லிப் பாதித் தாளைத் தீர்த்துவிட்டேன்.

அன்று போலீஸ் வந்ததும் நழுவிய நான், மறுநாள் சூப்பர்வைசர் நீட்டிய தாளில், 'நான் அன்று லீவு' என்று கையெழுத்துப் போட்டேன். உன் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவள் கண்ணைப் பார்த்தால் அது எடுபடுவதில்லை.

உன் கைக்கு வருமுன் ஜெயில் அதிகாரி இதைப் பிரித்துப் படிப்பாராம். நன்றாகப் படிக்கட்டும். கேஸில் பதினோரு பேர் என்று எழுதியிருக்கிறார்கள். உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னை எண்ணவில்லை.

இப்படிக்கு,
பன்னிரண்டாவது ஆள்